பாடநூலும் வாசிப்பு நூலும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ள ரமணாசிரமப் பகுதி, பல நாட்டினரும் வந்து தங்கும் இடமாக அறியப்பட்டுள்ளது. அந்த ஆசிரமத்திற்குப் பெயர் தந்த ரமணரின் சமயக் கோட்பாடுகள் இக்கட்டுரையின் பொருள் அல்ல. ஆயினும், அவருடைய மாணவப் பருவத்துச் செய்தி ஒன்று, பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிக் கவலை கொள்ளும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பெரிதும் பயன்படத்தக்கது.

வேங்கடராமன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1896இல் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று வந்தார். அப்போது அவருக்கு வயது 16. சிறந்த நினைவாற்றல் இருந்தும் பாடங்களில் நாட்டமில்லை. பாடத்தைச் சரிவரப் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் என்பார் எழுதிய ஆங்கில இலக்கண நூலின் பாடமொன்றை மும்முறை எழுதிவருமாறு பணிக்கப்பட்டார். ஆகஸ்டு 29 அன்று இருமுறை எழுதியவர், மூன்றாம் முறை எழுத மனமின்றி ஏட்டை ஒதுக்கி வைத்தார். அன்றே வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

இதே மாணவர், அதற்குச் சில காலம் முன்னர், சிறிய தந்தையார் இரவல் வாங்கி வந்திருந்த பெரியபுராணத்தை வீட்டில் கண்டெடுத்து, வியப்பு மேலிட வாசித்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அந்நூல் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. எளிய நூல் அன்று. எனினும் அதை வாசிக்கும்படி எவரும் அவரை ஏவவில்லை. ஒரு நூல் தண்டனையாக வந்தது. மற்றொன்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அவர் வீட்டைத் துறந்ததற்கான காரணங்கள் வேறு. ஆனால், ஒரே மாணவர் இரு நூல்களையும் அணுகிய விதத்தில் உள்ள வேறுபாடு நம் சிந்தனைக்குரியது.

தமிழில் 'படிப்பு' என்னும் சொல் கல்வியையும் குறிக்கும். நூல் வாசிப்பையும் குறிக்கும். நம் இல்லங்களில் 'படி' என்பது பெரும்பாலும் ஓர் ஆணையாகவே பிள்ளையின் செவியில் விழுகிறது. அந்த ஆணைக்குள் தேர்வும் மதிப்பெண்ணும் அடங்கியிருக்கின்றன. கதைநூலைக் கையில் எடுத்த பிள்ளையிடம், "அதை வைத்துவிட்டுப் பாடத்தைப் படி" என்று கூறாத வீடுகள் குறைவு. பத்தாம் வகுப்பை நெருங்குந்தோறும் இக்கண்டிப்பு மிகுகிறது. வாசிப்புச் சுவை வேரூன்ற வேண்டிய பருவத்திலேயே அது கிள்ளப்படுகிறது. தேர்வு முடிந்ததும் நூலையும் மூடிவிடும் தலைமுறை இவ்வாறே உருவாகிறது.

வாசிப்பில் இரு செயல்கள் அடங்கியுள்ளன: எழுத்தை ஒலியாக மாற்றுதல்; ஒலியிலிருந்து பொருளைப் பெறுதல். முதற்செயல் இயல்பாகக் கைவரும் வரை, பிள்ளையின் கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிவிடும். பொருள் மனத்தை எட்டாத வரை இன்பமும் பிறக்காது. ஆகவே தொடக்க வாசகர்க்கு வேண்டியவை எளிய நூல்கள், அவையும் மிகப் பலவாக. தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. அது பேசும் தமிழ் வேறு. நூலில் காணும் தமிழ் வேறு. எழுத்துத் தமிழைப் பிறர் வாய்விட்டு வாசிக்கக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கே அந்த இடைவெளி குறைகிறது. நாள்தோறும் கால் மணி நேரம் பிள்ளையை அருகில் அமர்த்தி வாசித்துக் காட்டும் தாயும் தந்தையும், பாட்டனும் பாட்டியும் செய்யும் பணியை எந்தப் பள்ளியும் முழுமையாகச் செய்துவிட முடியாது.

கதை கேட்பதே நூலுக்கு வாயில் என்பதை இன்றைய திருவண்ணாமலையும் உணர்த்துகிறது. அவ்வூரைச் சேர்ந்த எழுத்தாளர் பவா செல்லதுரை, சிறந்த படைப்புகளை அவையில் கதையாகச் சொல்லிப் பலரையும் அந்நூல்களை நோக்கி ஈர்த்துள்ளார். 'வம்சி புக்ஸ்' பதிப்பகமும் அவ்வூரிலிருந்தே இயங்குகிறது.

வளரிளம் பருவத்தினர்க்கு முதன்மையாக வேண்டியது தேர்ந்தெடுக்கும் உரிமை. நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் அவரைச் சென்றடைய வேண்டும் என்பதையும் ஒன்றாக வைத்தார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராக நூல்களைக் கொண்டு சென்றது. தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலைப்படுத்தியது. பிள்ளை தன் நிலைக்கு ஏற்றதைத் தானே எடுக்க இது வழிசெய்கிறது. அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளைக்குத் 'துளிர்' இதழும், விளையாட்டில் நாட்டமுள்ளவர்க்கு வீரர்களின் வரலாறும் தொடக்கமாகலாம். நீதி புகட்டும் நூல்களை மட்டுமே தருவோமாயின், பிள்ளைகள் அவற்றையும் பாடநூலாகவே கருதுவர். வாசித்த பின் வினாக்கள் தொடுத்துச் சோதிப்பதும் அத்தகையதே.

'இக்ரஃ' என்னும் ஏவலோடு வஹீ தொடங்கியதை நாம் மேடைதோறும் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். மக்தபில் நம் பிள்ளைகள் இளம் வயதிலேயே ஓதக் கற்கின்றனர். நாவைத் திருத்தும் அப்பயிற்சிக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆனால் பொருளுணர்ந்து வாசிக்கும் பயிற்சியும் அதனோடு இணைய வேண்டும். அதற்கான வாய்ப்பு மஹல்லாவிலேயே உள்ளது. மக்தபின் ஒரு மூலையில் ஓர் அலமாரி, அதில் பிள்ளைகள் தாமே எடுத்துச் செல்லத்தக்க நூறு சிறு நூல்கள், வாரம் ஒரு நாள் கதை வாசிப்பு ஆகியவை எந்த ஜமாஅத்துக்கும் பெருஞ்சுமை ஆகா. பெண்பிள்ளைகளும் அந்த அலமாரியைத் தயக்கமின்றி அணுகும் வண்ணம் நேரமும் இடமும் அமைய வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அவ்வரியால் இயங்கும் நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்கி, முதல் நாள் உடன் சென்று, அது விரும்பும் நூலை அதுவே எடுக்கும்வரை காத்திருப்பது பெற்றோரின் கடமை. வீட்டில் பெரியவர்கள் கைப்பேசியிலேயே மூழ்கியிருந்து, பிள்ளையை மட்டும் நூலெடுக்கச் சொல்வது பயன் தராது. பெரியோர் கையில் நூலைக் காணும் பிள்ளைக்கு 'வாசி' என்று சொல்ல வேண்டிய தேவை பெரிதும் எழாது.