பனியை அள்ளலாம், ஐஸை என்ன செய்வது?

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பெரும் பனி கொட்டி ஓய்ந்த பிறகு, குடியிருப்புத் தெருக்களில் இரண்டு சுருதியில் மாறி மாறி ஒரு சைரன் கேட்கும். ஆம்புலன்ஸும் இல்லை, தீயணைப்பு வண்டியும் இல்லை. கார்களை இழுத்துப்போகும் வண்டி மெதுவாக ஊர்ந்து வருகிறது. தெருவோரம் இன்னும் காரை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு அது கடைசி எச்சரிக்கை. வீட்டு உடையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, பூட்ஸின் நாடாவைக்கூடக் கட்டாமல் ஓடிவருவார்கள். ஓடிவராதவரின் கார் பக்கத்தில் ஏதாவது ஒரு தெருவுக்கு இழுத்துச் செல்லப்படும். கண்ணாடியில் அபராதச் சீட்டு இருக்கும். அதன் பிறகுதான் வருகிறது உண்மையான ஊர்வலம்.

முதலில் நடைபாதைக்கென்றே செய்த குட்டி வண்டி, பனியைத் தெருப்பக்கம் தள்ளிவிடும். பின்னால் வரும் கிரேடர் அதையெல்லாம் சேர்த்து நீளமான வரப்பாக ஒதுக்கும். அந்த வரப்பைச் சுழலும் பற்களால் கடித்து, மேலே வளைந்த குழாய் வழியாகப் பக்கத்தில் உருளும் லாரிக்குள் வீசும் ஒரு பெரிய இயந்திரம். லாரி நிரம்பியதும் விலகும். அடுத்தது அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். இயந்திரம் நிற்பதே இல்லை. ஒரு தெரு சில நிமிடங்களில் கருப்புத் தாராகத் திரும்பிவிடுகிறது.

உலகில் பல ஊர்கள் பனியை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெயிலுக்குக் காத்திருக்கின்றன. மாண்ட்ரியலால் அது முடியாது. ஆண்டுக்கு இரண்டு மீட்டரை ஒட்டிப் பனி விழுகிறது. மூன்று மாடி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, பெரும்பாலான வீடுகளுக்குக் கார் நிறுத்த இடம் கிடையாது, தெருவின் இரு ஓரத்திலும் கார்கள். ஒதுக்கிய பனியை வைக்க இடமே இல்லை. அதனால் தரையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் சேர்ந்ததும் அள்ளும் வேலை தொடங்குகிறது. தெருக்கள், நடைபாதைகள், சைக்கிள் பாதைகள் எல்லாம் சேர்த்து சுமார் 10,000 கிலோமீட்டர். சுமார் 3,000 ஊழியர்கள். ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ 3 லட்சம் லாரி நடைகள். செலவு 20 கோடி கனடிய டாலரை நெருங்குகிறது. பணம் புரளும் இடத்தில் நடக்கக்கூடியது இங்கும் நடந்தது. ஒப்பந்தக்காரர்கள் வட்டாரங்களைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டதை நகரின் தலைமை ஆய்வாளர் 2015இல் அறிக்கையாகவே வெளியிட்டார்.

பனியை வீசும் அந்த இயந்திரம் இந்த மண்ணிலேயே பிறந்தது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார் 1925இல் அதை ஓட்டிக்காட்டினார். கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1927இல் முதல் வண்டியை வாங்கியது ஊத்ரமோன். அன்று தனி ஊர், இன்று மாண்ட்ரியலின் ஒரு பகுதி.

அள்ளிய பனி எங்கே போகிறது? ஒரு காலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கொட்டினார்கள். தெருப் பனி வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் உப்பு, எண்ணெய், உலோகத் துகள், குப்பை எல்லாம் கலந்திருக்கும். 1990களில் விதிகள் கடுமையாகி, ஆற்றில் கொட்டுவது படிப்படியாக நின்றது. இப்போது ஒரு பங்கு பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்படுகிறது. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரின் வெதுவெதுப்பில் கரைந்து, தீவின் கிழக்கு முனையிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். பெரும் பங்கு செயின்ட் மிஷேல் பகுதியில் உள்ள பிரான்கோன் என்ற கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போகிறது. லாரிகள் விளிம்பில் நின்று பள்ளத்துக்குள் கொட்டுகின்றன. சுற்றிலும் குடியிருப்புகள் இருக்க, நடுவில் ஒரு பனிமலை எழும்புகிறது. மேலே கல்லும் மண்ணும் போர்வையாகப் படிந்துவிடுவதால் கோடை நடுவிலும் அது முழுதாகக் கரைவதில்லை. வெலோகனைட் என்ற அரிய கனிமம் முதன்முதலில் கண்டெடுக்கப்பட்டது இதே குவாரியில்தான். அங்கே இப்போது ஊரின் அழுக்குப் பனி உறங்குவதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நகராட்சி மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஆரஞ்சு நிறத் தற்காலிகப் பலகையில் எழுதிய நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் கார்களை எடுத்தால்தான் ஊர்வலம் நகரும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். வீட்டு முற்றம் உள்ளவர்கள் இலையுதிர் காலத்திலேயே காருக்கு வெள்ளை பிளாஸ்டிக் கூடாரம் போட்டுவிடுவார்கள். யாருடைய கார் பனியில் சிக்கிச் சக்கரம் வெறுமனே சுழல்கிறதோ, அங்கே வழிப்போக்கர்கள் நின்று தள்ளிவிடுவார்கள். நன்றி சொல்வதற்குள் போய்விடுவார்கள். இந்த ஊரில் நான் மிகவும் மதிக்கும் வழக்கம் இது.

ஆக, பனியை இந்த ஊர் வென்றுவிட்டது என்றே சொல்லலாம். வெல்ல முடியாதது ஐஸ்.

மேலே வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டி மெல்லிய குளிர்காற்று என்று அமைந்துவிட்டால், பனி பாதி வழியில் உருகி மழையாகிறது. கீழ் அடுக்கில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்தும் உறையாமல் நீராகவே விழுகிறது. கம்பியோ கிளையோ படிக்கட்டோ, தொட்ட இடத்தில் அந்தக் கணமே கண்ணாடியாகிவிடுகிறது. இதுதான் உறைமழை. செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து குளிர்காற்றைத் தரையோடு இழுத்து வருவதால் இங்கே இது அடிக்கடி நேர்கிறது.

1998 ஜனவரியில் ஐந்தாறு நாட்கள் விட்டுவிட்டுப் பெய்தது. எடை தாங்காமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. கியூபெக்கில் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் இல்லாமல் கிடந்தார்கள். நகருக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதம் தாண்டியும் விளக்கு எரியவில்லை. ஜனவரி 9 அன்று மாண்ட்ரியலின் குடிநீர் நிலையங்களே மின்சாரத்தை இழந்தன. பள்ளிக்கூடங்களில் மக்கள் பாய் விரித்தார்கள். குளிர் தாங்காமல் வீட்டுக்குள் அடுப்பு மூட்டி, கார்பன் மோனாக்சைடு நச்சில் இறந்தவர்களும் உண்டு. அதன் பிறகு மின்பாதைகளை வலுப்படுத்தினார்கள். ஆனால் 2023 ஏப்ரல் 5 அன்று ஒரே நாள் உறைமழையில் கிளைகள் கம்பிகள் மேல் முறிந்து விழ, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மறுபடி இருண்டன.

இவை பெரிய செய்திகள். செய்தியாகாத ஐஸ் நடைபாதையில் இருக்கிறது. பகலில் பிளஸ் மூன்று டிகிரி, இரவில் மைனஸ் எட்டு. ஓரத்துக் குவியல் உருகி நடைபாதை மேல் வழிந்து, விடிவதற்குள் உறைந்துவிடும். அதன் மேல் ஒரு விரல் அளவு புதுப்பனி தூவினால் போதும், வழுக்கும் இடம் கண்ணுக்கே தெரியாது. இயந்திரங்கள் எல்லாம் பனியை அள்ளுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. தரையோடு ஒட்டிய ஐஸில் அவற்றின் பற்கள் ஏறுவதில்லை. உப்பு உதவும், மைனஸ் 15 வரை. கியூபெக் சாலைகளுக்கான உப்பில் பெரும் பங்கு மாக்டலென் தீவுகளின் அடியிலுள்ள சுரங்கத்திலிருந்து கப்பலில் வருகிறது. குளிர் அதற்கும் கீழே போனால் பொடிக்கல் தூவுகிறார்கள். உப்பு கான்கிரீட்டைத் தின்கிறது, மரத்தின் வேரைக் கருக்குகிறது, உருகிய நீரோடு ஓடைகளில் கலக்கிறது. போட்டாலும் கெடுதல், போடாவிட்டால் இடுப்பு முறிகிறது. ஜனவரி நடுவிலும் மழை பெய்யும் அளவுக்குக் குளிர்காலம் இளகிவருவதால், உருகி உறையும் நாட்கள்தான் கூடுகின்றன.

யார் விழுகிறார்கள்? காரில் போகிறவர் விழுவதில்லை. நகர மையத்து அலுவலகங்களில் வேலை செய்பவருக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நிலத்தடி நடைவழிகள் இருக்கின்றன; மெட்ரோவும் முழுக்க முழுக்கப் பூமிக்கு அடியில்தான் ஓடுகிறது. விழுவது பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறவர், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகிறவர், மருந்துக்கடைக்குக் கிளம்பிய முதியவர். 1980கள் முதல் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன், கோத் தே நேஜ் பகுதிகளும் இப்படி நெருக்கமாக வீடு கட்டிய, நடந்தே வாழ்கிற பகுதிகள்தான். இந்த ஊரின் பழைய வீடுகளில் மாடிப்படி வெளியே, சுவருக்கு முன்னால் இரும்பில் வளைந்து இறங்கும். கோடையில் கண்ணுக்கு அழகு. உறைமழை நாளில் மாடியில் இருக்கும் பாட்டிக்கு வாசலே அடைபட்டது போல. கீழ் வீட்டுக்காரர் உப்பு டப்பாவோடு வந்து படி படியாகத் தூவினால்தான் அவர் தரையை மிதிக்க முடியும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டையை மருந்துக்கடைகளிலேயே விற்கிறார்கள். ஆனால் அதைக் குனிந்து மாட்டத் தெம்பு வேண்டுமே.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சிறிய ஊர் பனி தள்ளும் வரிசையை மாற்றிப் பார்த்தது. முதலில் பெரிய சாலைகள், கடைசியில் நடைபாதை என்றிருந்ததைத் திருப்பி, நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் முன்னுரிமை கொடுத்தது. அவற்றில் அதிகம் நடப்பவர்கள் பெண்கள் என்பதும், மூன்று அங்குலப் பனியில் கார் ஓட்டுவதைவிடத் தள்ளுவண்டி தள்ளுவது கடினம் என்பதும் அங்கே முன்வைக்கப்பட்ட வாதங்கள். மாண்ட்ரியலிலும் மருத்துவமனை, பள்ளி, மெட்ரோ வாசல் ஆகியவற்றை ஒட்டிய நடைபாதைகளுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அது அந்த வாசல்களோடு நிற்கக்கூடாது. உறைமழை எச்சரிக்கை வந்த இரவில் உப்பு வண்டிகளின் முதல் சுற்று, பஸ் நிறுத்தத்திலிருந்து முதியோர் குடியிருப்புகள் வரைக்கும் குறுக்குத் தெரு நடைபாதைகளில் போகட்டும்; குளிர்கால டயர் போட்ட கார்கள் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். பனியை அள்ளச் செலவாகும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வெளிப்படி உள்ள மாடி வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களின் படிகளுக்கு ஆள் அனுப்பட்டும். முகவரிகளைச் சேகரிக்கும் வேலையை இலை உதிரும் அக்டோபரிலேயே தொடங்கிவிடலாம்.