ஆல்கஹாலில் மூழ்கிய சிலந்தியைப் படம் எடுக்கலாமா?

யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வாங்கியவுடன், ஆல்கஹால் பாட்டிலில் போட்டு வைத்திருந்த சிலந்தி ஒன்றை வெளியே எடுத்து டேபிள் விளக்கின் கீழ் வைத்தேன். மானிட்டரில் தெரிந்தது ஈரப் பளபளப்பு மட்டுமே. ரோமங்கள் ஒட்டிக் கிடந்தன. காயட்டும் என்று விட்டேன். திரும்பி வந்தால், வயிறு உலர்ந்த திராட்சையாகச் சுருங்கியிருந்தது. என்னிடம் இருந்ததே இரண்டு சிலந்திகள்தான்!

இரண்டாவதை ஆல்கஹாலுக்குள் வைத்தே படம் எடுத்தேன். சிறிய கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் நிறமில்லாத சானிடைசர் ஜெல்லைக் கொஞ்சம் தடவி, அதில் சிலந்தியைப் பதியுங்கள். விரும்பிய கோணத்தில் அசையாமல் நிற்கும். பிறகு பாட்டிலில் இருந்த அதே 70 சதவீத ஆல்கஹாலை, சிலந்தி மூழ்கும் வரை மெதுவாக ஊற்றுங்கள். வேறு அடர்த்தியுள்ளதை ஊற்றினால், இரண்டும் கலக்கும்போது படத்தில் புகை போல அலைகள் தெரியும். காற்றுக் குமிழ்களை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆல்கஹால் தீப்பற்றும், எனவே சூடாகும் பல்பு வேண்டாம், எல்இடி போதும்.

கண்ணும் காலும் ஒரே படத்தில் தெளிவாக விழாது. கிண்ணத்தை அசைக்காமல், ஃபோகஸைச் சிறிது சிறிதாக மாற்றி 20 படங்கள் எடுத்தேன். ஹெலிகான் ஃபோகஸ் போன்ற சாஃப்ட்வேர், ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை எடுத்து ஒரே படமாகச் சேர்த்துவிடும். இந்த முறை ரோமங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. சிலந்தியும் பத்திரமாகப் பாட்டிலுக்குத் திரும்பிவிட்டது.