பள்ளிக்கு வெளியே ஐரிஷ் மொழி

அயர்லாந்தின் அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்கிறது. பள்ளியிலும் அது பாடம். ஆனால் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுபவர்களோ சுமார் 72 ஆயிரம் பேர்தான். படித்ததை மறக்காமல் புழங்குவதற்குப் பேச்சுத்துணை வேண்டும்.

அதற்கு ஓர் எளிய ஏற்பாடு, ஃபான்யெ என்னும் சிறு வளையச் சின்னம். சட்டைக் காலரில் அதைக் குத்தியிருப்பவரிடம் தயங்காமல் ஐரிஷில் பேச்சுக் கொடுக்கலாம். சரளமாகப் பேசுபவருக்குத் தங்க நிறம், ஓரளவு பேசுபவருக்கு வெள்ளி நிறம். எதிரில் நிற்பவருக்கு மொழி தெரியுமோ தெரியாதோ என்ற கூச்சம்தான் பலர் வாயைக் கட்டிப்போடுகிறது. சின்னம் அதைப் போக்கிவிடுகிறது.

2016-இல் டப்ளினில் தொடங்கிய ‘பாப்-அப் கேல்டாக்ட்’ இன்னொரு வழி. குறித்த மாலையில் ஏதாவது ஒரு மதுக்கூடத்தில் கூடி, ஐரிஷிலேயே அரட்டை அடிக்கிறார்கள். உறுப்பினர் சேர்க்கை கிடையாது.

கோடை விடுமுறையில் மாணவர்கள் கான்னமாரா, டொனகால், கெர்ரி போன்ற ஐரிஷ் பேசும் வட்டாரங்களில் உள்ள குடும்பங்களோடு தங்குகிறார்கள். அங்கே சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதும் ஐரிஷில்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு 1972 முதல் ஐரிஷ் வானொலியும், 1996 முதல் தொலைக்காட்சியும் உண்டு. கேலிக் கால்பந்து ஆட்டத்தை ஐரிஷ் வர்ணனையோடு பார்க்கலாம். ஆட்டம் கண்ணெதிரே நடப்பதால் தெரியாத சொல்லும் பாதி புரிந்துவிடும்.