தறிக்கு இடம் உள்ள வீடு

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

கட்டடக் கலை என்றவுடன் நம் மனக்கண் முன் தஞ்சைப் பெரிய கோவிலும் மாமல்லபுரத்து இரதங்களும் வந்து நிற்கின்றன. தாரமங்கலத்தில் பிறந்த எனக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நின்று தலையை நிமிர்த்தினால் கைலாசநாதர் கோவிலின் மேற்குக் கோபுரம் தெரியும். கெட்டி முதலிகள் எழுப்பி, 17-ஆம் நூற்றாண்டில் நிறைவு பெற்ற கோவில் அது. யாளியின் வாய்க்குள் உருளும், ஆனால் வெளியே வராத கல் உருண்டையையும், இராமன் இருக்குமிடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிந்து, வாலியிடமிருந்து பார்த்தால் இராமன் தெரியாத தூண்களையும் வெளியூராருக்குக் காட்டிப் பெருமைப்படாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. ஆயினும் இம்மலருக்கு நான் எழுத எடுத்துக்கொண்டது அந்தக் கோபுரத்தைப் பற்றியன்று; அதைச் சுற்றிய தெருக்களில் நிற்கும் ஓட்டு வீடுகளைப் பற்றி. சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டை இடித்துக் கட்டுவது என்று பேச்சு எழுந்தது. அன்று முதல் இந்த எண்ணம் என்னை விடவில்லை.

பெருநகருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு நகரம் நலிவது, பஞ்சம் வந்து ஒரு கிராமம் காலியாவது போன்றதன்று. எங்கள் ஊர் சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 30 ஆயிரம் பேர் இருந்தனர். பேரூராட்சியாக இருந்தது 2021-இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஏட்டைப் பார்ப்பவர் ஊர் வளர்கிறது என்றே சொல்வார். அவர் காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும். சேலம் செல்லும் வண்டிகள் படிக்கட்டு வரை நிறைந்து போகின்றன. துணிக்கடைக்கும் கட்டட வேலைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் செல்கிறவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) இருட்டிய பிறகுதான் திரும்புகிறோம். வாங்க வேண்டியதைச் சேலம் கடைவீதியிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இரவில் நிறைந்து பகலில் காலியாகும் ஊரில், பகலில் கடையைத் திறந்து வைத்தவர் யாருக்கு விற்பார்? இராசிபுரம், ஓமலூர், இடங்கணசாலை, ஆட்டையாம்பட்டி முதலிய ஊர்களிலிருந்து வரும் என் வகுப்புத் தோழர்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அரசு இதை அறியாமல் இல்லை. சிறு, நடுத்தர நகரங்களுக்கான ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை நடுவண் அரசு 1979-80-இல் தொடங்கியது. மக்கள் பெருநகருக்கு ஓடுவதை, சிறு நகரங்களை வளர்த்துத் தடுப்பது அதன் நோக்கம். 2005-இல் அது வேறொரு திட்டத்துடன் இணைக்கப்படும் வரை பேருந்து நிலையங்களும் சந்தைகளும் வணிக வளாகங்களும் சாலைகளும் அதன் வழியே கட்டப்பட்டன. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் வணிக வளாகம் என்றால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தோற்றம்: வரிசையாக இரும்புக் கதவுகள், மேலே ஒரு மாடி, முன்னால் நிழலில்லாத சிமென்ட் தரை. சிறு நகரத்துக்கு வேண்டியது பெருநகரின் சிறிய நகல் என்று எண்ணியதுதான் பிழை என்பது என் கருத்து. அசல் 25 கிலோமீட்டரில் இருக்கும்போது நகலைத் தேடி யார் வருவார்?

பேருந்து நிலையம் பற்றியும் ஒரு சொல். நாமக்கல்லில் ஊர் நடுவே இருந்த நிலையத்தின் நெரிசலைக் குறைக்க, 2024-இல் முதலைப்பட்டியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. தேவையான பணிதான். ஆனால் எந்த ஊரிலும் பேருந்தை வெளியே கொண்டுபோகும்போது, இறங்கி நடந்து கடைத்தெருவைக் கடக்கும் கால்களையும் சேர்த்தே கொண்டுபோகிறோம். வரைபடம் போடுகிறவர் இதையும் கணக்கில் சேர்த்து, பழைய இடத்துக்கு ஆட்களை இழுக்கும் வேறு ஒன்றை, ஒரு காய்கறிச் சந்தையையாவது, வைக்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அகலம் 16 அடி, நீளம் 58 அடி. நானும் என் நண்பனும் டேப் பிடித்து அளந்தோம். தெருவை ஒட்டித் திண்ணை. அதன் மேல் இறங்கி வரும் தாழ்வாரம். உள்ளே முதல் கட்டு முழுவதும் தறி. அதன் பின் வானம் பார்த்த ஒரு சிறு முற்றம், சமையற்கட்டு, புறக்கடை. தறிக்கட்டின் தரை வெறும் மண். சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை நடுமுகட்டில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஓட்டுக் கூரை. இருபது ஆண்டு அந்த வீட்டில் வளர்ந்தும், வரலாறு படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவிடம் கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது விளங்கியது.

குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிக்கிறார். மண் குழியின் ஈரம் பாவு நூலுக்குக் குளிர்ச்சி தருகிறது. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் காற்று வறண்டுவிட்டால் நூல் அடிக்கடி அறுந்துபோகும்; அறுந்த இழையைத் தேடி முடிவதிலேயே பாதி நாள் போய்விடும். தறிக்குப் பக்கவாட்டில் தாழ்வாக ஒரு சன்னல் உண்டு. வெளிச்சம் துணியின் மேல் விழ வேண்டும், நெய்பவர் கண்ணில் விழக்கூடாது. கரையிலும் முந்தியிலும் பூ வேலை செய்ய வேண்டுமானால் ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு மேலே ஏற்றுகிறார்கள். துளையிட்ட அட்டைகள் அதிலிருந்து மாலைபோல் தொங்கும். இதற்குத் தலைக்கு மேல் நல்ல உயரம் வேண்டும். ஓட்டுக் கூரையின் முகடு அந்த உயரத்தைத் தந்தது. திண்ணையில் பாட்டி இராட்டையில் தார் சுற்றுவார். நூல் கொண்டுவருபவரும் சேலை எடுக்க வருபவரும் அங்கேயே அமர்ந்து கணக்குப் பேசுவார்கள். தொழிற்கூடம், கடை, வீடு ஆகிய மூன்றும் 16 அடி அகலத்துக்குள் அடங்கியிருந்தன.

என் அத்தை வீடும் இப்படித்தான் இருந்தது. கூரை ஒழுகியது, ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கிப் புது வீடு கட்டினார்கள். பத்து அடி உயரத்தில் காங்கிரீட் தளம், வழுவழுப்பான டைல்ஸ் தரை. புதுமனை புகுவிழாவன்று எல்லோரும் வாயாரப் பாராட்டினோம். பிறகு ஜக்கார்டு பெட்டியை ஏற்றப் போனால் தளத்தில் முட்டியது. புதிய டைல்ஸை உடைத்துக் குழி தோண்ட மாமாவுக்கு மனம் வரவில்லை. தறியைப் பிரித்துப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்தார்கள். மாமா இப்போது சேலத்தில் இரவுக் காவலர் வேலைக்குப் போகிறார். "வீடு வந்துச்சு சாமி, தறி போயிடுச்சு" என்று அத்தை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாநில அரசு 2011-இல் தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி. காங்கிரீட் கூரையும் சூரிய ஒளி விளக்கும் கொண்டது. குடிசையில் மழைக்கு நடுங்கியவர்களுக்கு அது பெரும் பேறு என்பதை யார் மறுப்பார்? எனினும் நெசவாளருக்கும் உழவருக்கும் குயவருக்கும் ஒரே அளவில் வரைபடம் போட்டால், வீடு உறங்குவதற்கு மட்டுமே உரியது என்று நாமே முடிவு கட்டியதாகிறது. பிறகு ஊர் பகலில் காலியாகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. முன்கட்டின் கூரையை மட்டும் உயர்த்தி, அதற்கு ஓடே போடலாம். உறங்கும் கட்டுக்குக் காங்கிரீட் இருந்துவிட்டுப் போகட்டும். தறிக்குழிக்கு வேண்டிய இடத்தை மட்டும் மண்ணாக விட்டு மற்றத் தரைக்கு எதை வேண்டுமானாலும் பதிக்கலாம். சுவருக்கு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917-2007) பரப்பிய எலிப்பொறிக் கட்டு ஏற்றது. செங்கல்லைக் குத்தவைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். இடையிலுள்ள காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது. சேலம் வெயிலை அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும்.

வீட்டை மட்டும் சொல்லிப் பாவடியை விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தாருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிற மாவட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து உலர்த்தும் நீண்ட வெற்றுத் திடலுக்குப் பாவடி என்று பெயர். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கைகொடுப்பார்கள். நிழலுக்கு இருமருங்கும் மரங்கள் இருக்கும். மாலையில் அதே இடம் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல், பெரியவர்களுக்குப் பேச்சு மன்றம், திருவிழாவில் கூத்து மேடை. கஞ்சி போட்ட பாவு ஆலையிலிருந்து வரத் தொடங்கியதும் பாவடி வெறும் காலி மனையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. காலி மனை என்றால் அதில் ஏதேனும் கட்டத்தானே தோன்றும்! ஒரு சிறு நகரத்தின் நடுவே மரநிழலோடு கூடிய அவ்வளவு பெரிய திடலை இன்று பணம் கொடுத்து வாங்க முடியுமா? வாரச் சந்தைக்கும் நெசவுத் துணி விற்பனைக்கும் அதைவிட நல்ல இடம் எது?

உள்ளதை இடிக்காமல் ஊரைச் சீர்செய்யலாம் என்பதை நம் மண்ணில் நூறாண்டுக்கு முன்பே ஒருவர் செய்து காட்ட முயன்றார். ஸ்காட்லாந்து நாட்டுப் பாட்ரிக் கெடிஸ், தம் நகரமைப்புக் கண்காட்சியுடன் 1914-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது (நம் பேச்சில் இன்றும் உலவும் அதே எம்டன்தான்). அவர் சளைக்காமல் வேறு பொருள்களைத் திரட்டிக் கண்காட்சியை நடத்தினார். நம் ஊர்களைக் கால்நடையாகச் சுற்றினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைத் தீர்க்க, வீடுகளை வரிசையாக இடித்து நேர்ச்சாலை போடும் எண்ணம் இருந்தது. கெடிஸ் அதை ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் சிறு திடலும் மரமும் அமைத்து, பழைய சந்துகளை அங்கங்கே விரித்தால் போதும், செலவும் மிகக் குறையும் என்றார். உறுப்பை வெட்டி எறியாமல் உயிரைக் காக்கும் அறுவை மருத்துவம் போன்றது இது என்பது அவர் கருத்து.

அண்மைக் காலத்தில் இதை ஒத்த வேலை புதுச்சேரி வைசியாள் வீதியில் நடந்தது. 2002-க்குப் பிறகு ஐரோப்பிய உதவியுடன் அங்குள்ள தமிழ் வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் முகப்பும் செப்பனிடப்பட்டன. ஆனால் அது சுற்றுலா நகரம். எங்களுக்கு அது முழுவதும் பொருந்தாது.

எங்கள் நிலைமைக்கு மிக நெருங்கியதாக நான் படித்தது ஜப்பானிலுள்ள கவகோயே. டோக்கியோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஏறக்குறைய எங்களுக்கும் சேலத்துக்கும் உள்ள தொலைவு! 1893-இல் அவ்வூர் தீப்பற்றி எரிந்தது. தடித்த மண் சுவர் கொண்ட கிடங்குகள் மட்டும் தப்பியதைக் கண்ட வணிகர்கள், கடைகளையும் அதே முறையில் கட்டிக்கொண்டனர். பின்னாளில் வாணிபம் இரயில் நிலையத்துப் பக்கம் நகர, பழைய வீதி நலிந்தது. 1983-இல் வணிகர்களும் குடியிருப்போரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். 1988-இல் 67 விதிகள் கொண்ட கட்டட நெறியைத் தாங்களே வகுத்துக்கொண்டனர். தெருவோர வரிசையைக் குலைக்காதே, அடுத்த வீட்டின் வெளிச்சத்தை மறைக்காதே என்பன போன்ற விதிகள். மின்கம்பிகள் நிலத்துக்கடியில் சென்றன. 1999-இல் நாட்டரசு அவ்வீதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. நம்மைப் போன்ற கடைக்காரர்கள் கூடி உட்கார்ந்து விதி எழுதினார்களே, அதுதான் என்னைக் கவர்ந்தது. இன்று அங்கே சுற்றுலாக் கூட்டம் அலைமோதுகிறதாம். அந்தப் பகுதியை நான் எங்கள் ஊருக்கு விரும்பவில்லை. வீதியைப் பார்க்க வருபவர்களைவிட வீதியில் வேலை செய்பவர்கள் மிகுந்திருக்க வேண்டும்.

நண்பர்கள் கேட்கலாம்: கூரையை உயர்த்தினால் நூல் விலை இறங்குமா, விசைத்தறியின் போட்டி நிற்குமா என்று. இறங்காது, நிற்காது. கைத்தறிக்குக் கூலி கட்டாமல் போனால் எந்தக் கட்டடமும் அதைக் காப்பாற்றாது. ஆனால் நெய்ய விரும்புகிறவரின் தறியை வீடே வெளியே தள்ளக்கூடாது என்று மட்டுமே கேட்கிறேன். நெசவுதான் என்றில்லை. ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுற்றும் பெண்களுக்கும், தையல் பொறி வைத்திருப்பவருக்கும், மிதிவண்டி பழுது பார்ப்பவருக்கும் தெருவைப் பார்த்த ஒரு முன்கட்டும் திண்ணையும் இருந்தால் சேலம் பேருந்தில் ஏற வேண்டிய தலைகளில் சில குறையும்.

எங்கள் வீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. போன மாதம் மேஸ்திரி வந்து திண்ணையில் அமர்ந்து தாளில் கோடு போட்டார். அப்பா, "ஏனுங்க மேஸ்திரி, தறியை எங்கே போடறது?" என்று கேட்டார். "இனிமே யாருங்க நெய்யப் போறாங்க?" என்றார் மேஸ்திரி. அப்பா மறுமொழி சொல்லாமல் என்னைப் பார்த்தார். எனக்கு நெய்யத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். நான் அளந்து வைத்திருந்த தாளை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தேன். வெகு நேரம் பேசிய பின் முன்கட்டுக்கு 13 அடி உயரமும் ஓட்டுக் கூரையும் அவர் ஒப்புக்கொண்டார். தறிக்குழிக்கு மண் தரை விடுவதற்குத்தான் இன்னும் இசையவில்லை. கரையான் வரும் என்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறோம்.