களத்து மேட்டிலேயே ஒரு பங்கு



அறுவடை முடிஞ்சுது. மூட்டை பிடிச்சு, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ராத்திரி நம்ம வீட்டில் என்ன நடக்கும்? பையன் செல்போன் கேட்பான். மகளுக்குத் தோடு வேணும். உரக்கடைக்காரர் பாக்கிச் சீட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரம்மா, "போன வருஷமே ராமேஸ்வரம் போகலாம்னீங்களே" என்று ஞாபகப்படுத்துவார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தர் மட்டும் எதுவும் கேட்காமல் மூலையில் இருப்பார். அவர் யார் தெரியுங்களா? இன்னும் இருபத்தஞ்சு, முப்பது வருஷம் கழிச்சு வரப்போகிற நீங்களேதான். கண் மங்கி, கையில் தடியோடு இருக்கப்போகிற அந்தப் பெரியவருக்கு என்ன வேணும் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு அவருக்காகக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதற்காக வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி வாழுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதுவும் தப்புதான். ஏன் என்பதையும் சொல்கிறேன்.

உழவனுக்கு ஏது ஓய்வு வயசு?

தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60 என்று 2021இல் ஆக்கினார்கள். எந்த மாதத்தோடு சம்பளம் நிற்கும் என்பது அவருக்கு முன்னாடியே தெரியும். நமக்கு அப்படித் தேதி போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. உடம்புதான் சொல்லும். ஒரு நாள் வரப்பில் கால் வழுக்கும். ராத்திரி மடை திறக்கப் போக முடியாது. மருந்துக் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அன்றைக்குத்தான் நமக்கு ஓய்வு.

"மகன் இருக்கான், பாத்துக்குவான்" என்பீங்க. இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் மகன் இப்போ திருப்பூரிலோ, சென்னையிலோ, வளைகுடா நாட்டிலோ இருக்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் வீட்டு வாடகை, பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு என்று ஆயிரம் இருக்கு. மாசம் பிறந்தால் மருந்துச் செலவுக்கு அவன் கையைப் பார்த்து நிற்கும்படி நம்ம நிலைமை ஆகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு வீட்டுக் கதை

ஒரே ஊரில் இரண்டு பேர், ஆளுக்கு மூணு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலத் தெருக்காரர் தாராளமானவர். காதுகுத்து என்றால் ஊரையே அழைத்துக் கறிச்சோறு போடுவார். தவணையில் வண்டி, தவணையில் டிவி. ஊரில் நல்ல பேர். 62 வயசில் சம்சாரத்துக்கு ஆபரேஷன் வந்தது. கையில் காசு இல்லை. அவசரத்துக்கு வந்த விலைக்கு ஒரு ஏக்கரை விற்றார். மூணு ஏக்கரில் வந்த வருமானம் இரண்டில் வருமா?

கீழத் தெருக்காரர் இதற்கு நேர்மாறு. தீபாவளிக்குத் துணி எடுக்கவும் யோசிப்பார். அவர் சம்சாரம் நாற்பது வயசிலிருந்து ராமேஸ்வரம், ராமேஸ்வரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்பார். 65 வயசில் கையில் நல்ல பணம் சேர்ந்தது, கூட்டிக்கொண்டு போனார். அங்கே 22 தீர்த்தம் ஆட வேண்டும். அந்த அம்மா இரண்டு தீர்த்தத்துக்கு மேல் நடக்க முடியாமல் பிராகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பணம் காத்திருந்தது, முழங்கால் காத்திருக்கவில்லை.

இந்த இரண்டு பேரில் யார் சரி? இரண்டு பேருமே பாதிதான் சரி. இந்த இரண்டு பாதியையும் ஒட்டவைக்கிற வழி நம்ம களத்து மேட்டிலேயே இருக்கிறது.

விதை நெல் பாடம்

நெல் அடித்ததும் நம்ம தாத்தா முதலில் என்ன செய்வார்? விதைக்கு வேண்டியதை ஒதுக்கிக் கோட்டை கட்டி வைத்துவிடுவார். மிச்சத்தில்தான் கூலி, கோயிலுக்கு, வீட்டுக் குதிருக்கு. அடுத்த வீட்டில் அடுப்பு எரியாவிட்டால்கூட விதை நெல்லில் கை வைக்க மாட்டார். அதே சமயம் பொங்கலன்று புது அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைக்காமலும் இருக்க மாட்டார். விதைக்கு ஒரு பங்கு, விருந்துக்கு ஒரு பங்கு. இரண்டும் களத்திலேயே முடிவாகிவிடும். செலவு போக மிஞ்சினால் விதை எடுக்கலாம் என்று அவர் இருந்திருந்தால் நமக்கு நிலமே மிஞ்சியிருக்காது.

பணத்துக்கும் அதையே செய்யுங்கள். சாகுபடிச் செலவும் கடன் தவணையும் போகக் கையில் நிற்பது 100 ரூபாய் என்றால், 70 ரூபாய் குடும்பச் செலவுக்கு, 10 ரூபாய் நோய் நொடி, மழை வெள்ளம் என்கிற அவசரத்துக்கு, 10 ரூபாய் முதுமைக்கு, 10 ரூபாய் சந்தோஷத்துக்கு. இது கல்லில் வெட்டின எழுத்து இல்லை. உங்க வீட்டு நிலைக்குத் தகுந்தபடி 80, 5, 10, 5 என்றும் பிரிக்கலாம். வறட்சி வருஷத்தில் முதுமைப் பங்கு இரண்டு ரூபாயாகக்கூட இருக்கட்டும். ஆனால் ஏற்கெனவே போட்டதை எடுக்காதீங்க.

சந்தோஷப் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பத்து ரூபாயைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் செலவு செய்யுங்கள். திருவிழா, புதுத்துணி, பிள்ளைகளோடு ஒரு பயணம், எதுவானாலும் சரி. உடம்பில் தெம்பு இருக்கும்போது செய்யவேண்டியதை அப்போதே செய்யுங்கள். ஆனால் கடன் வாங்கிக் கொண்டாடுவது இந்தக் கணக்கில் வராது. புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பது உங்களுக்குத் தெரியும். மொய்யாக வந்ததும் வரவு இல்லை, திருப்பிச் செய்யவேண்டிய கடன்தான். அதை வைத்து விருந்துக்கு மேல் விருந்து வைக்கக் கூடாது.

கடன் இருந்தால்?

மூணு வட்டிக்குக் கடன் இருக்கிறவர், அதை அப்படியே விட்டுவிட்டு வங்கியில் சேமிக்கலாமா? கூடாதுங்க. நூற்றுக்கு மாசம் 3 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 ரூபாய். வங்கியோ தபால் ஆபீஸோ ஏழு ரூபாய் சொச்சம் கொடுத்தாலே பெரிசு. 36 ரூபாய் ஓட்டை வழியாகப் போகும்போது ஏழு ரூபாய் மொண்டு ஊற்றி என்ன பலன்? முதுமைப் பங்கை முதலில் அந்தக் கடனுக்குப் போட்டு அடையுங்கள். அதுவே நல்ல சேமிப்பு. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டி வட்டிச் சலுகையை விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து வருஷம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

"முதல்ல பிள்ளைங்க படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். ஒரு கணக்குச் சொல்கிறேன். 30 வயசுக்காரர் வருஷத்துக்கு 6,000 ரூபாய் வீதம் 60 வயசு வரை போடுகிறார். 7 சதவீதம் கூட்டு வட்டி கிடைத்தால் அது சுமார் 5 லட்சத்து 66 ஆயிரமாக நிற்கும். அவர் தம்பி 40 வயசில் ஆரம்பித்து, அதே 6,000 வீதம் 60 வரை போட்டால் சுமார் 2 லட்சத்து 45 ஆயிரம். அண்ணன் கூடுதலாகப் போட்டது 60,000 ரூபாய்தான். ஆனால் கிடைத்ததில் வித்தியாசம் 3 லட்சத்துக்கும் மேலே. வட்டி குட்டி போடக் காலம் வேணும், தென்னம்பிள்ளை மாதிரி.

இன்னொன்றும் கவனிக்கணும். வட்டி வளர்கிற மாதிரி விலைவாசியும் வளரும். 72 என்ற எண்ணை விலை ஏற்றச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் பொருள் விலை இரண்டு மடங்கு. அரிசிப் பானையில் பணத்தை ஒளித்து வைத்தால், 12 வருஷம் கழிச்சு அது பாதிப் பொருள்தான் வாங்கும். ஆகவே சும்மா வைக்காமல் வட்டி வரும் இடத்தில் வையுங்கள்.

எங்கே போடலாம்?

ஒன்று, சிறு, குறு விவசாயிகளுக்காக மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் கிசான் மான்தன் ஓய்வூதியத் திட்டம். 5 ஏக்கருக்கு உட்பட்ட, அதாவது 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு; 18 முதல் 40 வயசுக்குள் சேர வேண்டும். 18 வயசில் சேர்ந்தால் மாசம் 55 ரூபாய், 29 வயசில் 100, 40 வயசில் 200. நீங்கள் போடும் அளவுக்கு அரசும் போடும். 60 வயசுக்குப் பிறகு மாசம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். ஓய்வூதியம் வாங்குகிறவர் இறந்தால் துணைக்குப் பாதி, 1,500. பொது சேவை மையத்தில் விசாரியுங்கள்.

இரண்டு, 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம். வங்கியிலோ தபால் ஆபீஸிலோ கணக்கு உள்ள, 18 முதல் 40 வயசு வரையிலானவர்கள் சேரலாம். வருமான வரி கட்டுகிறவர்களை 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர்ப்பதில்லை. மாசம் 1,000 முதல் 5,000 வரை எது வேணுமோ அதற்குத் தகுந்தபடி கட்டணும். 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயசுக்காரர் மாசம் 210 கட்டினால் போதும். 30 வயசுக்காரர் 577. 40 வயசுக்காரர் 1,454. இவர்களுக்குப் பிறகு துணைக்கும் அதே தொகை. தாய்மார்கள் பெயரிலும் தனியாகச் சேருங்கள்.

ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீங்க. 36 வயசில் ஒருத்தர் சேர்ந்தால் 60க்கு 24 வருஷம் இருக்கு. இப்போ சொன்ன 6 சதவீதக் கணக்குப்படி, அன்றைக்குக் கிடைக்கும் 3,000 ரூபாய்க்கு இன்றைக்கு 750 ரூபாய்க்கு வாங்குகிற சாமான்தான் கிடைக்கும். அதனால் கூடவே வேறொன்றும் வேணும்.

மூன்று, பொது வருங்கால வைப்பு நிதி. தபால் ஆபீஸிலும் வங்கியிலும் உண்டு. வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் போட்டால் போதும். மாசாமாசம் என்றில்லை, அறுவடைக்கு அறுவடை போடலாம். நமக்கு அதுதான் தோது. 15 வருஷம், அதற்கு மேல் ஐந்தைந்து வருஷமாக நீட்டலாம். வேறு கடனுக்காகக் கோர்ட்டு இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது.

நான்கு, மரம். தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று பழமொழி. நெட்டைத் தென்னை ஆறேழு வருஷத்தில் காய்க்கும், பேரன் காலம் வரை நிற்கும். தண்ணீர் இருந்தால் வரப்போரம் பத்துத் தென்னை, மேட்டாங்காட்டு ஓரத்தில் புளி, தேக்கு என்று வையுங்கள். 35 வயசில் வைக்கிற கன்று, குனிந்து வேலை செய்ய முடியாத வயசில் உங்களுக்குக் கை கொடுக்கும்.

நகையும் அவசரத்துக்கு அடகு வைக்க உதவும்தான். ஆனால் வாங்கும்போது கொடுத்த கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்ப வராது. "மாசம் பத்து ரூபாய் வட்டி" என்று யாராவது காரில் வந்து சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவு செய்யாத சீட்டில் சேராதீங்க. வங்கி முறிந்தால்கூட ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2020 முதல் உண்டு. ஊர்ச் சீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை.

நிலத்தை எழுதிக் கொடுக்கும் முன்

கடைசியாக, முக்கியமான ஒன்று. நமக்குப் பெரிய சேமிப்பே நிலம்தான். பாசத்தில் இருப்பதை எல்லாம் பிள்ளைகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, அப்புறம் ஒரு வாய்க் காபிக்கு அவர்கள் முகம் பார்க்கிற பெரியவர்கள் உண்டு. உயில் எழுதினால் நம்ம காலத்துக்குப் பிறகுதான் செல்லும். உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சி வேணும். செட்டில்மெண்ட் அப்படி இல்லை, கொடுத்தால் கொடுத்ததுதான். அதுதான் எழுதணும் என்றால், "எங்கள் ஆயுள் உள்ளவரை நாங்களே அனுபவிப்பது", "எங்களைக் கடைசிவரை பராமரிப்பது" என்ற நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்.

போட்டிருக்கிற கணக்குக்கெல்லாம் வாரிசு பெயர் எழுதுங்கள். பாஸ்புத்தகம் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். சொல்லாமல் போன பணம் ஆற்றில் போட்ட மாதிரி.

அடுத்த அறுவடைப் பணம் வந்ததும், உரக்கடைக்காரர் வருவதற்கு முன்னாடியே குடும்பத்தோடு உட்கார்ந்து பங்கு பிரியுங்கள். மூலையில் இருக்கிற பெரியவருக்கு ஒரு பங்கு. வீட்டுக்காரம்மாவின் ராமேஸ்வரத்துக்கு ஒரு பங்கு. இரண்டில் ஒன்றைக்கூட "அப்புறம்" என்று தள்ளாதீங்க.