வெள்ளை வேட்டியில் சுண்ணாம்பு!

வெள்ளை வேட்டியில ஒரு சொட்டு சுண்ணாம்பு. பத்தடி தள்ளி நின்னு, எங்கே பட்டிருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்! கஷ்டம்தானே? மார்பகப் புற்றுநோயைத் தேடும் டாக்டர்களுக்கும் பல நேரம் இதே கஷ்டம்தான்.

மேமோகிராம் கேள்விப்பட்டிருப்பீங்க. மார்பகத்துக்கான எக்ஸ்-ரே. அதில் கொழுப்பு கறுப்பாகவும், கட்டி வெள்ளையாகவும் தெரியும். ஆனால், சிலருக்குக் கொழுப்பு குறைவாகவும், சுரப்பி மற்றும் நார்த் திசுக்கள் அதிகமாகவும் இருக்கும். 'டென்ஸ் பிரெஸ்ட்' என்பார்கள். இது நோய் இல்லை. இளம் வயதில் ரொம்ப சகஜம். சிக்கல் என்னன்னா, அந்தத் திசுக்களும் படத்தில் வெள்ளைதான்!

உருவம் வேண்டாம், வேலையைப் பார்!

இங்கேதான் நியூக்ளியர் மெடிசின் என்ட்ரி கொடுக்குது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த 'செஸ்டாமிபி' மருந்தைக் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். இதய ஸ்கேனுக்காக வந்த மருந்துதான் இது. புற்றுநோய் செல்கள் ராப்பகலா ஓடுற ஃபேக்டரி மாதிரி. ரத்த ஓட்டமும் மைட்டோகாண்ட்ரியாவின் சுறுசுறுப்பும் அங்கே ஜாஸ்தி. அதனால் மருந்து அங்கே போய்க் குவியும். அது விடும் காமா கதிர்களைக் கேமரா பிடித்துவிடும். திசு அடர்த்தியாக இருந்தாலும் கட்டி பளிச்!

சும்மா இல்லை பாஸ்! அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள், அடர்த்தியான மார்பகம் கொண்ட 936 பெண்களிடம் இதைச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 11 பேருக்குப் புற்றுநோய். மேமோகிராம் பிடித்தது 3 பேரை மட்டுமே. காமா ஸ்கேனையும் சேர்த்தபோது 10 பேர்!

கதிரியக்கம்னா பயமா?

டெக்னீசியத்தின் அரை ஆயுள் வெறும் 6 மணி நேரம். ஒரே நாளில் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனாலும், மேமோகிராமில் மார்பகத்தோடு நிற்கும் கதிர்வீச்சு, இதில் உடம்பு முழுக்கப் போகிறது. அதனால்தான் மருந்தின் அளவைக் குறைக்கும் ஆராய்ச்சிகள் நடந்தன. எல்லோருக்கும் இது தேவையில்லை; மேமோகிராமுக்கு மாற்றும் இல்லை. ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதெல்லாம் புற்றுநோயும் இல்லை. கடைசித் தீர்ப்பு பயாப்ஸியுடையது.

நீங்க என்ன செய்யலாம்?

மார்பக அடர்த்தியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மேமோகிராமில்தான் தெரியும். அதைப் பெண்களிடம் கட்டாயம் சொல்லணும் என்ற விதி அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. உங்க அம்மா மேமோகிராம் எடுத்திருந்தால், "அடர்த்தி எப்படி இருக்கு? வேற ஸ்கேன் தேவையா?"ன்னு டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்க. 'நார்மல்'னு ரிப்போர்ட் வந்த பிறகும் கட்டி கையில் தட்டுப்பட்டால், சும்மா விடாதீங்க.

கேர்ள்ஸ், இது உங்களுக்கும்தான். பசங்களா, அம்மாகிட்ட இதைப் பேச வெட்கமா இருக்கா? இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவங்க கையில் கொடுங்க, போதும்!