இரும்பு தூக்கும் இளைஞர்களே, இடுப்பு பத்திரம்!

வடாலா ஸ்டேஷனில் இறங்கி கிழக்கே நடந்தால், சந்துக்குள் சின்னதாக ஒரு ஜிம்மாவது கண்ணில் படும். இரவு 9 மணிக்கு மேல்தான் அங்கே கூட்டம். கிடங்கில் மூட்டை இறக்கியவர், ஓட்டலில் மாவு ஆட்டியவர், பார்சல் சுமந்து படியேறிய பையன், என்னைப் போல் நாள் முழுவதும் குனிந்து எழுதிய குமாஸ்தா, எல்லோரும் கண்ணாடி முன் நிற்பார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிது அல்ல. நெல்லைச் சீமையில் கோவில் பக்கத்தில் இளவட்டக்கல் கிடக்கும். அதைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இந்தக் கல்லை வைத்துப் போட்டியே நடக்கிறது.

தூக்குகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? குத்தவைத்து உட்கார்வார். கல்லை முதலில் தொடைக்கு ஏற்றுவார். பிறகு நெஞ்சோடு அணைத்து எழுந்து, அதற்கப்புறம் தோளுக்குக் கொண்டுபோவார். கல்லை உடம்பை விட்டு விலக விடமாட்டார். ஜிம்மில் சொல்லும் முதல் பாடமும் இதுதான்.

அந்தப் பாடத்தை நான் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன், சேர்ந்த இரண்டாம் வாரமே, பக்கத்தில் நின்ற பையன் தூக்குகிறானே என்று 60 கிலோவைத் தரையிலிருந்து எடுத்தேன். முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்து எடுத்தேன். 'சுரீர்' என்றது. 11 நாள் படுக்கை. ஊர்க் கொடைக்கென்று சேர்த்து வைத்திருந்த லீவு அத்தனையும் போயிற்று. அப்பாவிடம் காய்ச்சல் என்று சொன்னேன். எனக்காவது லீவு இருந்தது. தினக்கூலிக்காரர் 11 நாள் படுத்தால் ஊருக்குப் பணம் போகாது.

சாம்பியனுக்கும் காயம்

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை அறியாதவர் இல்லை. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். 2018இல் கோல்ட்கோஸ்டிலும் தங்கம். ஆனால் அங்கே தூக்கியது 317 கிலோ. அதற்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடையில் காயம் பட்டிருந்தது. சிறு வயது முதல் முறையாகப் பழகியவருக்கே இப்படி என்றால், நேற்று சேர்ந்த நாம் எம்மாத்திரம்?

எனவே முதல் மாதம் எடையை மறந்து விடுங்கள். போட்டிக்கு வைக்கும் நீளக் கம்பி, தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. இதைக் கணக்கில் சேர்க்காமல் ஏமாறுபவர் பலர். வாரம் மூன்று நாள் போதும்; நடுவே ஒரு நாள் ஓய்வு. ஒரு பயிற்சி 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று. கடைசித் தடவையிலும் முதுகு வளையாமல் இருந்தால்தான் அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூட்டலாம். தூக்கும்போது மூச்சை விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்குவது ஆபத்து. டாக்டரைக் கேட்டு விட்டு வாருங்கள்.

மூட்டை தூக்கும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. உங்கள் மூட்டை எத்தனை கிலோ என்று உங்களுக்கே தெரியும். அந்த முதுகோடு வந்து இரவில் மறுபடி தரையிலிருந்து பாரம் எடுக்காதீர்கள். கம்பியில் தொங்கி ஏறுங்கள், தண்டால் எடுங்கள், போதும். குமாஸ்தாக்களுக்கு பஸ்கி நல்லது. உட்கார்ந்தே இருக்கும் இடுப்புக்கும் தொடைக்கும் வேலை கிடைக்கும்.

தனியாகப் படுக்காதீர்கள்

பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேல் கம்பி தூக்குவதுதான் இளைஞர்களுக்கு ஆசை. தலைமாட்டில் ஆள் நிற்காமல் அதைச் செய்யவே கூடாது. கை சோர்ந்தால் கம்பி கழுத்தில் விழும். துணைக்கு ஆள் இல்லாத நாளில் டம்பெல் எடுங்கள். பக்கவாட்டில் போட்டு விடலாம். கழுத்துக்குப் பின்னால் கம்பி இறக்குவதையும் விடுங்கள், தோள்மூட்டு தாங்காது, முன்பக்கமாகவே செய்யலாம். பெஞ்ச் ஆடுகிறதா, தட்டின் பூட்டு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

ஜிம்முக்குக் கட்டப் பணமில்லையா? 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ. முதுகுப்பையில் அரிசியைப் போட்டுக்கொண்டு தண்டால் எடுக்கலாம். பவுடர் டப்பாவுக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுப்பதைவிட முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் மேல். ஊசி போட்டால் மூன்று மாதத்தில் மார்பு விரியும் என்று காதோடு சொல்ல ஒருவன் வருவான். அது ஸ்டீராய்டு. இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், ஆண்மையையும் கெடுக்கும். அவன் பக்கம் திரும்பாதீர்கள்.

நான் இப்போது 40 கிலோ தூக்குகிறேன். அந்த 60 பக்கம் இன்னும் போகவில்லை.